வயிற்றுப் புற்றுநோயும் மரபணுக்களும்: உங்கள் குடும்பம் தெரிந்துகொள்ள வேண்டியவை

குடும்பத்தில் ஒருவருக்கு வயிற்றுப் புற்றுநோய் என்று தெரிய வந்தால், மற்றவர்கள் மனத்தில் உடனே எழும் கேள்வி, “எனக்கும் வருமா?” என்பதுதான். ஆனால் பலர் இதை மருத்துவரிடம் கேட்பதில்லை. “எங்கள் குடும்ப இரத்தத்திலேயே இருக்கிறது, என்ன செய்வது?” என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். “எனக்கு வெறும் கேஸ்ட்ரிக்தான்” என்று சொல்லி, ஆண்டுக்கணக்கில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள் வேறு சிலர்.

பெற்றோரிடமிருந்து நமக்கு வந்த மரபணுக்களுக்கும் வயிற்றுப் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டு. ஆனால் பெரும்பாலானோருக்கு அந்தத் தொடர்பு தலையெழுத்து அல்ல. அது எப்படிச் செயல்படுகிறது, அதில் எந்தப் பகுதி நம் கையில் இருக்கிறது என்பதை இக்கையேடு விளக்குகிறது.

முக்கியக் குறிப்புகள்

• வயிற்றுப் புற்றுநோய்களில் 100-க்கு 1 முதல் 3 மட்டுமே ஒரே ஒரு வலுவான மரபணுக் கோளாற்றால் குடும்பவழி வருபவை.
• பெரும்பாலான மரபணு மாறுபாடுகள் அபாயத்தைச் சிறிதளவே கூட்டும் அல்லது குறைக்கும்.
• வயிற்றில் வாழும் ஹெலிகோபேக்டர் பைலோரி என்னும் கிருமியே மிக முக்கியமான காரணம். அதைச் சோதித்துக் கண்டறியலாம், மருந்தால் அகற்றலாம்.
• பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரில் எவருக்காவது வயிற்றுப் புற்றுநோய் இருந்தால், மருத்துவரிடம் அவசியம் தெரிவியுங்கள்.

மரபணு மாறுபாடு என்றால் என்ன?

நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும், உடல் எப்படி வளர வேண்டும், எப்படி இயங்க வேண்டும் என்னும் குறிப்பு இருக்கிறது. அதை ஏறத்தாழ 300 கோடி எழுத்துகளால் ஆன ஒரு பெரிய நூலாக எண்ணிப் பாருங்கள். அந்நூலில் உள்ள சுமார் 20,000 பாடங்களே மரபணுக்கள். பாதி தாயிடமிருந்தும் பாதி தந்தையிடமிருந்தும் வருகிறது.

எந்த இருவரை எடுத்துக்கொண்டாலும், சராசரியாக 1,000 எழுத்துகளில் ஒன்று வேறுபட்டிருக்கும். இவ்வேறுபாடுகளையே மரபணு மாறுபாடுகள் என்கிறோம். இவற்றுள் பெரும்பாலானவை தீங்கற்றவை. ஒருவருக்குச் சுருள்முடியும் மற்றவருக்கு நேர்முடியும் இருப்பது போன்றவை. சில மாறுபாடுகள் நோய் அபாயத்தைச் சற்றே மாற்றும். மிகச் சில, ஒரு மரபணுவின் வேலையையே நிறுத்திவிடும். இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்வது முக்கியம். “மரபணுவில் மாறுபாடு உள்ளது” என்பதும் “நோய் வரும்” என்பதும் ஒன்றல்ல.

வயிற்றுப் புற்றுநோய் எப்படி உருவாகிறது?

ஹெலிகோபேக்டர் பைலோரி கிருமியை ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பேரி மார்ஷல், ராபின் வாரன் என்னும் இரு மருத்துவர்கள் 1982-இல் கண்டறிந்தார்கள். அதற்காக 2005-இல் நோபல் பரிசு பெற்றார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, 1994-இல் இக்கிருமியைப் புற்றுநோயை உண்டாக்கும் காரணிகளின் பட்டியலில் சேர்த்தது.

இக்கிருமி பொதுவாகச் சிறு வயதில், வீட்டிலுள்ளவர்களிடமிருந்தே தொற்றுகிறது. சிகிச்சை பெறாவிட்டால் பல்லாண்டுகள் வயிற்றிலேயே தங்கிவிடும். அங்கு மெல்லிய, ஓயாத அழற்சியை உண்டாக்குகிறது. பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. சிலருக்கு வயிற்றின் உட்சுவர் நாளடைவில் மெலிகிறது. அமிலம் சுரக்கும் உயிரணுக்கள் குறைந்து, குடலில் இருப்பவை போன்ற உயிரணுக்கள் அவ்விடத்தில் வளர்கின்றன. பின்னர் அவற்றின் அமைப்பு கெட்டு, கடைசியில் புற்றுநோயாக மாறலாம். இவ்வளவும் நடந்து முடியப் பல பத்தாண்டுகள் ஆகும். இடையில் எந்தப் படியிலும் நாம் குறுக்கிட முடியும் என்பதே இதிலுள்ள நல்ல செய்தி.

புகைபிடித்தல், கருவாடு, ஊறுகாய் போன்ற உப்பு மிகுந்த உணவுகளை அடிக்கடி உண்பது, காய்கறி பழங்களைக் குறைவாக உண்பது ஆகியவையும் அபாயத்தைக் கூட்டுகின்றன.

ஒரே கிருமி, ஏன் வெவ்வேறு விளைவு?

இக்கிருமி தொற்றிய 100 பேரில் 1 முதல் 3 பேருக்கே வயிற்றுப் புற்றுநோய் வருகிறது. மற்றவர்களுக்கு ஏன் வருவதில்லை? மரபணு மாறுபாடுகள் இங்கேதான் பங்காற்றுகின்றன.

அழற்சியைத் தூண்டும் மரபணுக்கள்: கிருமியை எதிர்க்க நம் உடல் இன்டர்லூக்கின்-1 பீட்டா என்னும் புரதத்தைச் சுரக்கிறது. இது அழற்சியைத் தூண்டுவதோடு, வயிற்றில் அமிலம் சுரப்பதையும் வலுவாகக் குறைக்கும். சிலரின் மரபணு அமைப்பு இந்தப் புரதத்தை அதிகமாகச் சுரக்க வைக்கிறது. இத்தகையோர்க்குக் கிருமி தொற்றினால் வயிற்றுச்சுவர் மெலியும் வாய்ப்பும் புற்றுநோய் அபாயமும் கூடுவதாக, ஸ்காட்லாந்திலும் போலந்திலும் நடந்த ஓர் ஆய்வு 2000-இல் தெரிவித்தது. பிற்பாடு வேறு மக்களிடம் நடந்த ஆய்வுகளில் இந்தத் தொடர்பு ஒரே அளவில் காணப்படவில்லை.

வயிற்றுச்சுவர் தொடர்பான மரபணுக்கள்: ஜப்பானில் நடந்த பெரிய ஆய்வொன்று, பிஎஸ்சிஏ என்னும் மரபணுவின் ஒரு மாறுபாட்டுக்கும் வயிற்றுப் புற்றுநோய்க்கும் தொடர்பு இருப்பதை 2008-இல் காட்டியது.

இரத்த வகை: ‘ஏ’ வகை இரத்தம் உடையவர்களுக்கு மற்றவர்களைவிட அபாயம் சிறிதளவு கூடுதல் என்பது 1953-ஆம் ஆண்டிலிருந்தே தெரிந்த செய்தி. இரத்த வகையும் மரபணுவால் தீர்மானிக்கப்படுவதே. ஆனால் இந்தக் கூடுதல் அபாயம் மிகச் சிறியது. ‘ஏ’ வகை இரத்தம் உள்ளவர்கள் அதற்காகத் தனிச் சோதனை எதுவும் செய்துகொள்ளத் தேவையில்லை.

இவை யாவும் தராசுத் தட்டில் வைக்கும் சிறு எடைக்கற்கள் போன்றவை. ஒன்று மட்டும் தட்டைச் சாய்ப்பதில்லை.

மலேசியாவில் நாம் காண்பது

நம் நாட்டில் நடந்த ஆய்வுகளில், இக்கிருமி இந்தியர்களிடமும் சீனர்களிடமும் அதிகமாகவும் மலாய்க்காரர்களிடம் மிகக் குறைவாகவும் காணப்பட்டது. வயிற்றுப் புற்றுநோயோ சீனர்களிடையே அதிகம். இந்தியர்களிடையே அதைவிடக் குறைவு. மலாய்க்காரர்களிடையே இன்னும் குறைவு. கிருமி ஒன்றே காரணமென்றால், இந்தியர்களிடையேயும் சீனர்களுக்கு இணையாகப் புற்றுநோய் இருக்க வேண்டும். அப்படி இல்லாததை மருத்துவ உலகம் நெடுநாளாக ஒரு புதிராகவே பார்க்கிறது.

இதற்கு ஒரு விளக்கம் கிருமியின் மரபணுவிலேயே இருக்கிறது. மனிதர்களைப் போலவே கிருமிகளிலும் வகைகள் உண்டு. மலேசியச் சீனர்களிடம் பெரும்பாலும் கிழக்காசிய வகைக் கிருமி காணப்படுகிறது. அது வயிற்றுச்சுவரை அதிகமாகச் சேதப்படுத்தக்கூடிய புரதத்தைக் கொண்டது. இந்தியர்களிடம் காணப்படுவது வேறு வகை. இதோடு உணவுப் பழக்கமும் மனித மரபணு மாறுபாடுகளும் சேர்ந்து செயல்படுகின்றன.

இதிலிருந்து “இந்தியர்களுக்குப் பயமில்லை” என்று முடிவு செய்துவிடக் கூடாது. இனவாரியான கணக்கு ஒரு சமூகத்தின் சராசரியையே சொல்லும். உங்கள் தனிப்பட்ட அபாயத்தைச் சொல்லாது. இந்தியர்களிடையே கிருமித் தொற்று பரவலாக இருப்பதால், குடும்பத்தில் வயிற்றுப் புற்றுநோய் உள்ள இந்தியர் ஒருவர் தம்மைச் சோதித்துக்கொள்வது மிக அவசியம்.

அரிதான, ஆனால் வலுவான மரபணுக் கோளாறுகள்

நியூசிலாந்தில் ஒரு மாவோரி குடும்பத்தில் பல தலைமுறைகளாக இளம் வயதினர் பலர் வயிற்றுப் புற்றுநோயால் இறந்தனர். அக்குடும்பத்தினரும் ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து நடத்திய ஆய்வில், சிடிஎச்1 என்னும் மரபணுவில் உள்ள கோளாறே காரணம் என 1998-இல் தெரிய வந்தது.

வயிற்றின் உயிரணுக்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருக்கும் பசை போன்ற புரதத்தை இம்மரபணு உண்டாக்குகிறது. அது வேலை செய்யாவிட்டால், உயிரணுக்கள் பிரிந்து வயிற்றுச்சுவருக்குள் பரவுகின்றன. இவ்வகைப் புற்றுநோய் கட்டியாகத் திரளாமல், உட்சுவருக்கு அடியில் மறைந்து படர்வதால், எண்டோஸ்கோப்பிச் சோதனையிலும் தொடக்கத்தில் கண்ணுக்குத் தப்பிவிடலாம்.

பெற்றோரில் ஒருவருக்கு இக்கோளாறு இருந்தால், மகனோ மகளோ, ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர 50 விழுக்காடு வாய்ப்பு உண்டு. இக்கோளாறு உள்ளவர்களுக்கு வாழ்நாளில் வயிற்றுப் புற்றுநோய் வரும் அபாயம் ஆண்களுக்கு 70 விழுக்காடு, பெண்களுக்கு 56 விழுக்காடு என 2015-இல் வெளியான ஆய்வு கணித்தது. 2019-இல் வெளியான மற்றோர் ஆய்வு 42, 33 விழுக்காடு எனக் குறைத்துக் கணித்தது. எப்படிப் பார்த்தாலும் இது மிக உயர்ந்த அபாயம். பெண்களுக்கு ஒருவகை மார்பகப் புற்றுநோய் அபாயமும் கூடுகிறது. ஆகவே இவர்களுக்குச் சிறப்பு மருத்துவர்களின் கண்காணிப்பு தேவை. புற்றுநோய் வருமுன்னே வயிற்றை அகற்றும் அறுவைச் சிகிச்சையும் பலருக்குப் பரிந்துரைக்கப்படுகிறது. வயிறு இல்லாமலும் ஒருவர் உண்டு, உழைத்து, வாழ முடியும். உணவைச் சிறுசிறு வேளைகளாகப் பிரித்து உண்பதும், வைட்டமின் பி12 ஊசி போட்டுக்கொள்வதும் வாழ்நாள் முழுதும் தொடர வேண்டியவை.

பெருங்குடல், கருப்பைப் புற்றுநோய்களைக் குடும்பவழி உண்டாக்கும் லிஞ்ச் நோய்க்குறியும் வயிற்றுப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும்.

மரபணுவும் கிருமியும் ஒன்று சேரும்போது

மார்பகப் புற்றுநோயோடு தொடர்புடைய பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 ஆகிய மரபணுக்களைப் பற்றிப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். சேதமடைந்த மரபணுவைப் பழுதுபார்ப்பதே இவற்றின் வேலை. இத்தகைய பழுதுபார்க்கும் மரபணுக்களில் கோளாறு உள்ளவர்களைப் பற்றி ஜப்பானில் நடந்த ஆய்வு 2023-இல் வெளியானது. 85 வயதை எட்டுவதற்குள் வயிற்றுப் புற்றுநோய் வரும் அபாயம்:

• கிருமி மட்டும் உள்ளவர்களுக்கு: 14.4 விழுக்காடு
• கிருமியும் மரபணுக் கோளாறும் உள்ளவர்களுக்கு: 45.5 விழுக்காடு

ஜப்பானில் வயிற்றுப் புற்றுநோய் நம் நாட்டைவிட மிக அதிகம். எனவே இந்த எண்களை அப்படியே நமக்குப் பொருத்தக் கூடாது. ஆனால் இதிலுள்ள பாடம் நமக்கும் உரியது. மரபணுவை நம்மால் மாற்ற முடியாது. கிருமியை அகற்ற முடியும்.

அப்படி அகற்றினால் பலன் உண்டா? கொரியாவில் வயிற்றுப் புற்றுநோய் நோயாளிகளின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரில் இக்கிருமி தொற்றிய 1,676 பேரை ஆராய்ந்தார்கள். ஒரு பிரிவினருக்குக் கிருமியை அகற்றும் மருந்தும், மறு பிரிவினருக்கு மருந்தற்ற மாத்திரையும் தரப்பட்டன. ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், மருந்து பெற்றவர்களில் 1.2 விழுக்காட்டினருக்கும், பெறாதவர்களில் 2.7 விழுக்காட்டினருக்கும் புற்றுநோய் வந்திருந்தது. அதாவது, குடும்பவழி அபாயம் உள்ளவர்களிடமும், ஒரு சிகிச்சை அபாயத்தைப் பாதிக்கும் மேலாகக் குறைத்தது. (சிடிஎச்1 கோளாறு உள்ளவர்களுக்குக் கிருமியை அகற்றுவது மட்டும் போதாது. அவர்களுக்குத் தனிக் கண்காணிப்பு தேவை.)

உங்கள் குடும்ப வரலாற்றை எழுதி வையுங்கள்

மரபணுப் பரிசோதனைக்கு முன்பே செய்யக்கூடிய, செலவில்லாத சோதனை இது. ஒரு தாளில் மூன்று தலைமுறைகளை எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் என்ன நோய், எந்த வயதில் வந்தது என்று குறியுங்கள்.

எழுதும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்:

1. இரத்த உறவையும் திருமண உறவையும் பிரித்துக் காட்டுங்கள். தாயின் உடன்பிறந்தவரும் “மாமா”, அத்தையின் கணவரும் “மாமா”. தந்தையின் தம்பியும் “சித்தப்பா”, சின்னம்மாவின் கணவரும் “சித்தப்பா”. மருத்துவருக்குத் தெரிய வேண்டியது, அவர் உங்கள் அம்மாவோடு பிறந்தவரா, அப்பாவோடு பிறந்தவரா, திருமணத்தால் உறவானவரா என்பது. சொந்தத்தில் திருமணம் நடந்திருந்தால் அதையும் குறியுங்கள்.

2. பழைய சொற்களுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று கேளுங்கள். தோட்டப்புறத்தில் வாழ்ந்த முந்தைய தலைமுறையினர் பலருக்கு நோயின் பெயர் சரியாகத் தெரிந்திருக்காது. “வயிற்றில் கட்டி”, “குடல் புண்”, “சாப்பிட முடியாமல் இளைத்துப் போனார்” என்றே குடும்பத்தில் பேச்சு இருக்கும். மூத்தவர்களிடம் பொறுமையாக விசாரியுங்கள். மருத்துவமனை அறிக்கை ஏதேனும் இருந்தால் எடுத்து வையுங்கள்.

3. மற்றப் புற்றுநோய்களையும் எழுதுங்கள். மார்பகம், பெருங்குடல், கருப்பை, சினைப்பை ஆகியவற்றில் வந்த புற்றுநோய்களும் துப்பு தரக்கூடியவை. தந்தைவழிப் பெண்களுக்கு வந்த மார்பகப் புற்றுநோயை விட்டுவிடாதீர்கள்.

பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் ஒருவருக்கு வயிற்றுப் புற்றுநோய் இருந்தால், உங்கள் அபாயம் சுமார் இரண்டு, மூன்று மடங்காகிறது. இதற்கு மரபணு மட்டும் காரணமில்லை. ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள் கிருமியையும் உணவுப் பழக்கத்தையும் பகிர்ந்துகொள்கிறார்கள்.

கிருமிச் சோதனையும் சிகிச்சையும்

• மூச்சுச் சோதனை, மலச் சோதனை அல்லது எண்டோஸ்கோப்பி மூலம் கிருமியைக் கண்டறியலாம்.
• மூச்சுச் சோதனைக்கு முன் நான்கு வாரங்கள் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும், இரண்டு வாரங்கள் ஒமெப்ரசோல் போன்ற அமிலக் குறைப்பு மாத்திரையும் எடுத்திருக்கக் கூடாது. மருத்துவரைக் கேட்காமல் மருந்தை நிறுத்தாதீர்கள்.
• சிகிச்சை பொதுவாக 14 நாட்கள். நுண்ணுயிர்க்கொல்லிகளும் அமிலக் குறைப்பு மாத்திரையும் சேர்த்துத் தரப்படும். பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்லுங்கள்.
• வாய்க்கசப்பு, குமட்டல், வயிற்றுப்போக்கு ஏற்படலாம். நான்கைந்து நாட்களில் நலமாகிவிட்டதாக நினைத்து நிறுத்தினால், கிருமி மருந்துக்குப் பழகிவிடும். அடுத்த முறை அகற்றுவது கடினமாகும்.
• மருந்து முடிந்து குறைந்தது நான்கு வாரங்களுக்குப் பின், கிருமி போய்விட்டதா என்று மீண்டும் சோதிக்க வேண்டும். பலர் மறந்துவிடும் படி இதுதான்.

மரபணுப் பரிசோதனை யாருக்கு?

எல்லாருக்கும் இது தேவையில்லை. கீழ்க்காணும் நிலைகளில் மரபணு ஆலோசனை பெறுவது குறித்து மருத்துவரிடம் பேசுங்கள்:

• 50 வயதுக்கு முன்பே பரவல் வகை வயிற்றுப் புற்றுநோய் வந்தவர் குடும்பத்தில் இருந்தால்
• குடும்பத்தின் ஒரே பக்கத்தில் இருவருக்கோ அதற்கு மேற்பட்டோருக்கோ வயிற்றுப் புற்றுநோய் இருந்தால்
• ஒரே குடும்பத்தில் பரவல் வகை வயிற்றுப் புற்றுநோயும் மார்பகப் புற்றுநோயும் இருந்தால்
• குடும்பத்தில் எவருக்கேனும் பிஆர்சிஏ, லிஞ்ச் போன்ற கோளாறு உறுதியாகியிருந்தால்

இயன்றவரை, நோய் வந்தவருக்கே முதலில் பரிசோதனை செய்வது நல்லது. அவரிடம் கோளாறு கண்டறியப்பட்டால், மற்றவர்களிடம் அதே இடத்தை மட்டும் பார்த்தால் போதும். முடிவு மூன்று விதமாக வரலாம்: கோளாறு உள்ளது; இல்லை; பொருள் உறுதியாகாத மாறுபாடு உள்ளது. மூன்றாவது வகை ஆசியர்களிடம் அதிகம் வருகிறது. உலகில் இதுவரை சேர்ந்துள்ள மரபணுத் தகவல்களில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது என்பதே காரணம். இத்தகைய முடிவை வைத்து அறுவைச் சிகிச்சை போன்ற எந்தப் பெரிய முடிவையும் எடுக்கக் கூடாது.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அப்பாவுக்கு 72 வயதில் வந்தது. எனக்கும் வருமா?
வந்தே தீரும் என்பதில்லை. முதிய வயதில் ஒருவருக்கு மட்டும் வந்திருந்தால், வலுவான மரபணுக் கோளாறாக இருக்கும் வாய்ப்பு குறைவு. நீங்களும் உங்கள் உடன்பிறந்தோரும் கிருமிச் சோதனை செய்துகொள்ளுங்கள்.

இணையத்தில் விற்கும் உமிழ்நீர்ச் சோதனைப் பெட்டியை வாங்கலாமா?
அதன் முடிவை மருத்துவ முடிவாகக் கொள்ளாதீர்கள். பல பெட்டிகள் சில இடங்களை மட்டுமே பார்க்கின்றன. “கோளாறு இல்லை” என்று வந்தாலும் முழு உறுதி இல்லை.

மரபணுக் கோளாறு இருப்பது தெரிந்தால், பிள்ளைகளின் திருமணம் தடைபடுமே?
இந்தக் கவலை இயல்பானது. பரிசோதனை முடிவு உங்களுக்குரிய இரகசியம். உங்கள் அனுமதியின்றி மருத்துவர் பிறரிடம் கூறமாட்டார். ஆனால் உடன்பிறந்தோரிடம் மறைத்தால், தம்மைக் காத்துக்கொள்ளும் வாய்ப்பை அவர்கள் இழக்கக்கூடும். அவர்களிடம் எப்படிச் சொல்வது என்பதற்கும் மரபணு ஆலோசகர் உதவுவார்.

உடனே மருத்துவரைப் பாருங்கள்

குடும்ப வரலாறு இருந்தாலும் இல்லாவிட்டாலும், பின்வருவனவற்றை “கேஸ்ட்ரிக்” என்று தள்ளிப்போடாதீர்கள்:

• காரணமின்றி உடல் எடை குறைதல்
• விழுங்குவதில் சிரமம்
• அடிக்கடி வாந்தி, அல்லது இரத்த வாந்தி
• தார் போன்ற கறுப்பு மலம் (இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கலாம், எதுவாயினும் மருத்துவரிடம் சொல்லுங்கள்)
• இரத்தசோகை, தீராத களைப்பு
• சிறிது உண்டதுமே வயிறு நிரம்பிவிடுதல்
• நடுத்தர வயதுக்குப் பின் புதிதாகத் தொடங்கி நீடிக்கும் வயிற்றுவலி, செரியாமை

அடுத்து என்ன செய்யலாம்?

அருகிலுள்ள கிளினிக் கெசிஹாத்தான் அல்லது உங்கள் குடும்ப மருத்துவரிடம் செல்லுங்கள். எழுதி வைத்த குடும்ப வரலாற்றையும் நீங்கள் உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலையும் உடன் கொண்டுசெல்லுங்கள். “என் குடும்பத்தில் வயிற்றுப் புற்றுநோய் உண்டு. எனக்குக் கிருமிச் சோதனை தேவையா?” என்று கேளுங்கள். தேவைப்பட்டால், எண்டோஸ்கோப்பிக்கோ மரபணு ஆலோசனைக்கோ மருத்துவர் பரிந்துரைக் கடிதம் தருவார். உங்களுக்கு அண்ணன், தம்பி, அக்காள், தங்கை இருந்தால், இக்கையேட்டை அவர்களிடமும் கொடுங்கள். உங்களுக்குப் பொருந்தும் அபாயம் அவர்களுக்கும் பொருந்தக்கூடும்.